நாற்பது பிஸ்கட்டும் காயாத ஐசிங்கும்

ராயல் ஐசிங் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், கடற்கரைப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார். இதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

முட்டையின் வெள்ளைக்கரு, மாவாக அரைத்த சர்க்கரை, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான் சங்கதி. மூன்றையும் சேர்த்து அடித்தால் வெள்ளை வெளேரென்று பொங்கி வரும். அதைப் பிஸ்கட் மேல் ஊற்றி ஆறு மணி நேரம் விட்டால் பீங்கான் தட்டு மாதிரி காய்ந்து பளபளக்கும். ஃபோனில் ஒரு அம்மா அப்படித்தான் செய்து காட்டினார். ஃபோனில் எல்லாம் நடக்கும்.

எங்கள் வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறது. கணவர் கடலுக்குப் போகிறவர். நானும், பக்கத்து வீட்டில் குடியிருக்கும் என் நாத்தனாரும் சேர்ந்து கருவாடு போடுகிறோம். எனக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பில் அவளைப் பொன்னேரியில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். காலையில் ஷேர் ஆட்டோவில் பாலம் தாண்டிப் பழவேற்காடு, அங்கிருந்து பஸ். எங்கள் வரிசையில் அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிற பெண் அவள் ஒருத்திதான்.

ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம், ஆடி மாதம். பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, இந்த வருஷம் சாக்லேட்டு வாணாம். நீ கையால செஞ்சது வேணும்.”

“கேசரி கிண்டித் தரட்டா?”

“பிஸ்கட்டு. மேல வெள்ளையா ஐசிங் போட்டு, ரோஸ்ல பூ போட்டது.”

“கடைல வாங்குனா ஆவாதா?”

“ஆவாது. நீ செஞ்சதா இருக்கணும். அத அவங்க துன்னணும்.”

எவங்க, ஏன் என்று நான் தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. மதியம் சாப்பிடும்போது அவள் வகுப்புப் பெண்கள் எல்லாரும் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்து மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்களாம். இவள் டப்பாவில் மட்டும் யாரும் கை வைப்பதில்லையாம். மீன் கொண்டுபோன நாளில் என்றால் சரி, எலுமிச்சைச் சாதம் என்ன பாவம் பண்ணியது? அதையும் தொடுவதில்லை. “உங்க வூட்ல செஞ்சதான்னு கேட்டுட்டு கைய எடுத்துக்கறாங்கம்மா. கவுச்சி அடிக்குதாம்” என்றாள். ஒரு பெண் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்துகொண்டாளாம். இன்னொருத்தியின் அம்மா கேக் செய்து கொடுத்தனுப்ப, அன்றைக்கு முழுக்க அவள்தான் ராணியாம். அழாமல் இதையெல்லாம் சொன்னாள். அழுதிருந்தால் ஒரு அதட்டு போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம்.

“நாளைக்கே வரேன், எந்தக் கழுத அதுன்னு காட்டு” என்று கிளம்பினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீ வந்து சண்ட போட்டா இன்னும் மோசமாயிடும். பிஸ்கட்டு செய்யி, போதும்.”

ஆக, அவள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் என் கையால் செய்த ஒன்றை ஒரு தரமாவது வாயில் போட வேண்டும். எனக்கு வந்த வேலை அதுதான். வீட்டுக்காரிக்கு வருகிற வேலைகளில் இது பெரிய வேலையா என்று கேட்காதீர்கள். அந்தப் பத்து நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிஸ்கட் சுடுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய அலுமினியக் குண்டானில் கல்லுப்பைக் கொட்டிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்து மூடினால் பிஸ்கட் வெந்துவிடும். ஐசிங்தான் என் உயிரை வாங்கியது.

முதல் நாள் வெள்ளைக்கரு பொங்கவே இல்லை. கரண்டியால் அடித்தேன், முள்கரண்டியால் அடித்தேன், மோர் கடைகிற மத்தைப் போட்டுக் கடைந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கிண்ணத்துக்குள் அது பாட்டுக்குத் தண்ணீராகக் கிடந்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமே, ஒரு மணி நேரமா இத்தயே கலக்கிக்கினு கீற? சளி மாரி கீது.”

“நீ போயி உன் வலையப் பாரு.”

நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “முட்ட சரியில்ல அண்ணி” என்றாள். அவளுக்கு எப்போதும் கடைக்காரன்மேல்தான் சந்தேகம். வேறு கடையில் வாங்கிவந்து அடித்தேன். அதுவும் அப்படியே. நான்காம் நாள் அதே வீடியோவை மறுபடியும் போட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தேன். முடிக்கிற நேரத்தில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார், பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெள்ளைக்கரு பொங்காதாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன கேடு? நாள் தவறாமல் மீன் வறுக்கிற வீட்டில் எந்தப் பாத்திரத்தில் பிசுக்கு இல்லாமல் இருக்கும்? சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன், எலுமிச்சை மூடியால் துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பழவேற்காட்டுக்குப் போய்ப் புதுசாக ஒரு சில்வர் கிண்ணம் வாங்கி, அடுப்படிப் பக்கமே வைக்காமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

அதில் அடித்தபோது பொங்கியது. அடேயப்பா, பொங்கி வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. அதற்குள் எத்தனை முட்டை போயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. மஞ்சள்கருவை வீணாக்க மனசு வராமல் தினமும் பொரித்து வைத்தேன். “இன்னிக்கும் மஞ்சக்கருவா?” என்று கணவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்து சர்க்கரை மக்கர் பண்ணியது. மிக்ஸியில் நன்றாகத்தான் அரைத்தேன், தொட்டால் மாவு மாதிரிதான் இருந்தது. பால் கவரைக் கழுவிச் சுருட்டிக் கூம்பு செய்து, நுனியை ஊசி நுழைகிற அளவுக்கு வெட்டிப் பிழிந்தால், எங்கேயோ ஒளிந்திருந்த ஒரே ஒரு சர்க்கரைக் கல் வந்து துவாரத்தை அடைத்துக்கொண்டது. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். கவர் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுவர், காலண்டர், என் நைட்டி என்று எல்லா இடத்திலும் ஐசிங். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சிரிச்சன்னா கரண்டியால ஒண்ணு வெப்பேன்” என்றேன். பிறகு கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து அதில் சர்க்கரையைச் சலித்தேன். முகப் பவுடரே தோற்றுவிடும், அப்படி ஒரு சர்க்கரை.

பிறந்தநாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மாலை நாற்பத்தெட்டுப் பிஸ்கட்டை வரிசையாக வைத்து நானும் அவளும் உட்கார்ந்தோம். முதலில் கெட்டி ஐசிங்கால் ஓரத்தில் வரப்பு கட்டினோம், பிறகு தண்ணீர் கலந்து இளக்கிய ஐசிங்கை நடுவில் விட்டு நிரப்பினோம். அவள் பீட்ரூட் சாறு கலந்து ஒவ்வொன்றின் மேலும் அஞ்சு இதழ்ப் பூ போட்டாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒரு கோடு பிசகாமல். அப்படி ஒரு பொறுமையை அவள் என்னிடமிருந்து வாங்கியிருக்க முடியாது. “எல்லாரும் கேப்பாங்கம்மா, இது உங்கம்மாவா செஞ்சாங்கன்னு” என்று இரண்டு தரம் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தோம். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டேன். என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் உப்பு நீர்விட்டுக் கசியும், தீக்குச்சி பற்றாது, உள்ளே காயப்போட்ட போர்வை மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். ராத்திரி முழுக்க ஈரக்காற்று ஜன்னல் வழியாக வந்து அந்த ஐசிங்கை நக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீடியோ அம்மா கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறையில் நின்றுகொண்டு ஆறு மணி நேரம் என்கிறார். உன் ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு இங்கே வா பார்ப்போம் என்று ஃபோனைப் பார்த்துக் கத்தினேன். ஃபேனைப் போட்டேன், இன்னும் பிசுபிசுத்தது. நாலு பிஸ்கட்டைச் சூடான குண்டானுக்குள் வைத்தேன், ஐசிங் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி மஞ்சளாகிவிட்டது. நாற்பத்து நாலு மிச்சம். அடுத்த நாள் காலையில் அவள் டப்பாவோடு ஆட்டோ ஏற வேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மணை ஒன்றை எட்டி உதைத்து, கால் விரலைப் பேர்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெளியே போய்க் காற்றுக்கு முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அண்ணி, கச்சான் இன்னா போடு போடுது பாரு. நெத்திலியே அர நாள்ல சருகாவுது. உன் பிஸ்கட்டு காயாதா?”

கச்சான் எங்களுக்குத் தரையிலிருந்து வீசுகிற மேல்காற்று. ஆடியில் காலையில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் அனலாக அடிக்கும், ஈரம் என்பதே இருக்காது. மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து அதைத் தள்ளிவிடும். கருவாடு போடுகிறவர்களுக்கு அந்த நாலைந்து மணி நேரம்தான் எல்லாம். இத்தனை வருடம் அதில் பிழைக்கிற எனக்கு இது தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கொல்லையில் ஒரு பரண் இருக்கிறது. மூங்கில் நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டியது. கீழேயும் மேலேயும் காற்று புகுந்து போகும். அதில் கிடந்த நெத்திலியை அவள் வாரி ஒரு ஓரமாகத் தார்ப்பாயில் பரப்பினாள். நான் துவைத்த வெள்ளை வேட்டியை வலைமேல் விரித்து, பிஸ்கட்டை ஒவ்வொன்றாக அடுக்கினேன். வெயில் பட்டுப் பூவின் நிறம் வெளுக்காமல் இருக்க மேலே ஒரு சேலையைக் கட்டினோம். காக்காய்க்கு ஒரு வலை. இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் சங்கதி விளங்கியிருக்கும். சிலர் மூக்கைக்கூடப் பொத்திக்கொண்டிருப்பீர்கள். எங்களுக்கு விளங்கவில்லை. நான் ஒன்றும் யோசிக்காமல் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கருவாட்டுப் பக்கத்தில் வைக்கிறோமே என்று ஒரு நிமிடம் எனக்கே நெஞ்சில் தட்டியது. பன்னிரண்டு மணிக்கு முதல் பிஸ்கட்டை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தேன். வெனிலா எசன்ஸ் ஜம்மென்று வந்தது. நாத்தனாரிடம் கொடுத்தேன், அவளும் முகர்ந்துவிட்டு “கேக்குக் கட மாரி கீது” என்றாள். கடலிலிருந்து வந்த கணவரிடமும் நீட்டினேன். அவர் முகர்ந்தார், அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். மூன்று பேர் மூக்கு, மூன்று பேர் சாட்சி.

ஐசிங்கோ, நகத்தால் தட்டினால் டக் டக்கென்று சத்தம் கேட்டது. வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல், பூ ஒன்றுகூடக் கலையாமல். நாத்தனாரை நான் கட்டிப் பிடிக்காத குறை. மாலையில் மகள் வந்து பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். அவளும் மூக்குக்குக் கிட்டே வைத்துத்தான் பார்த்தாள். நாற்பதைப் புது டப்பாவில் பேப்பர் விரித்து அடுக்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள்.

அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் காலி டப்பாவோடு வந்தாள்.

“துன்னாங்களா?”

“துன்னாங்கம்மா.”

“எல்லாரும்?”

“எல்லாருந்தான். சூப்பர்னாங்க.”

அப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. குழாயடியில் சொன்னேன், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன். எலுமிச்சைச் சாதத்தைத் தொடாததுங்கள் எல்லாம் என் பிஸ்கட்டை வழித்துத் தின்றன என்று. “தீபாவளிக்கும் செஞ்சு தரட்டா?” என்று கேட்டதற்கு, “ஒரு தரம் போதும்மா, நீ ரொம்ப கஷ்டப்படற” என்றாள். பெண்ணுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன்.

மூன்று வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். மிஸ் மார்க்கைப் பற்றிச் சொல்லி முடித்ததும் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“பர்த்டேக்குக் குடுத்தனுப்புன பிஸ்கட்டு எப்டி மிஸ் இருந்துச்சு?”

“பிஸ்கட்டா? அன்னைக்கு அவ ஒண்ணும் கொண்டு வரலையேம்மா. மறந்துட்டேன் மிஸ்னு சொன்னா. பரவாயில்லன்னு சொல்லிட்டு எல்லாரும் பாட்டு பாடினோம்.”

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பழவேற்காட்டு பஸ் இன்னும் வரவில்லை. நடு பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இன்னாடி பண்ண அத்த? எங்க கொட்டுன?”

“கொட்டலம்மா.”

“பின்ன?”

“பஸ்ஸு பாதி வழி வந்தப்புறம் ஒரு தரம் பாக்கலாம்னு டப்பாவத் தொறந்தேன். கருவாட்டு நாத்தம் அடிச்சுது.”

“பொய் சொல்லாத. நான் மோந்து பாத்தேன். உங்கத்த பாத்தா, உங்க நைனா பாத்தாரு. ஒரு நாத்தமும் இல்ல.”

“உங்களுக்குல்லாம் வராதும்மா” என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “வூட்ல இருக்கறப்ப எனக்கும் தெரியல. முன்னல்லாம் எங்கயுமே தெரியாது. இங்க படிக்க வந்தப்புறந்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள்மேலா, தள்ளி உட்கார்ந்த பெண்மேலா, பரண் யோசனையைக் கிளப்பிய நாத்தனார்மேலா, மூன்று பேரின் மூக்கின்மேலா. “அப்ப எங்கடி போச்சு நாப்பது பிஸ்கட்டு?” என்று உரக்கவே கேட்டுவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான் துன்னேன். பேப்பர்ல சுத்திப் பைக்குள்ள வெச்சி, தெனம் சாய்ங்காலம் பஸ்ல மூணு மூணா. ஐசிங் நல்லா இருந்துச்சும்மா. நெசமா.”

அந்த வாரங்களில் அவள் புத்தகப் பையில் எறும்பு மொய்த்ததும், பையைச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லை என்று நான் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியதும் அப்போதுதான் உறைத்தது. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலோரம் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போனேன். மறுநாளைக்கு அவள் போட்டுக்கொள்ள வேண்டிய யூனிஃபார்ம் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மூக்கோடு வைத்து இழுத்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. காலரை முகர்ந்தேன், அக்குளை முகர்ந்தேன், உள்பக்கம் திருப்பி முகர்ந்தேன். சோப்புதான். மூச்சு முட்ட இழுத்தும் வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை. உள்ளே வந்து சட்டையை அவளிடம் நீட்டினேன்.

“இதுல வருதாடி?”

“இல்லம்மா” என்றாள்.

சட்டையை அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.